நிற்கச் சொன்ன தட்டு

கோல சிலாங்கூருக்கு வடக்கே, அந்தத் தோட்டத்தில் ரப்பர் மரங்களை வெட்டிச் சாய்த்து, சிறு விமானங்கள் இறங்கத் திடல் போட்டிருந்தார்கள். மலாயாவில் அவசரகாலம்; காட்டில் ஒளிந்திருந்த கம்யூனிஸ்டுகளோடு வெள்ளைக்காரன் சண்டை போட்டுக்கொண்டிருந்த நேரம். காட்டுக்காரர்களுக்கு அரிசி கொடுத்தான் என்று போன மாதம்தான் இதே தோட்டத்து நாராயணசாமியைப் போலீஸார் பிடித்துப் போனார்கள். விசாரணையும் இல்லை, தகவலும் இல்லை. அதன்பிறகு தொழிலாளர் குடியிருந்த லயத்து வீடுகளில் சத்தமாக இருமவே ஆட்கள் பயந்தார்கள்.

உடையப்பனுக்கு மட்டும் அந்தப் பயம் கிடையாது. தோட்டத்து லோரியில் கிளீனராக இருந்தவன், விமானத் திடலில் வேலை கேட்டு வாங்கினான். இந்த விமானங்களுக்கு மூக்கு தூக்கலாக இருக்கும். தரையில் உருளும்போது விமானிக்கு முன்னால் எதுவும் தெரியாது. கூடவே நடந்து வழிகாட்ட ஓர் ஆள் வேண்டும். லோரியில் செய்ததையே இவன் இங்கும் செய்தான். இரண்டு தட்டு தட்டினால் போ, ஒரு தட்டு என்றால் நில். முதலில் இருந்த வெள்ளைக்கார விமானி அதற்குப் பழகியும் விட்டான்.

"துப்பாக்கிக்காரங்க சோலி நமக்கு எதுக்குங்க?" என்று மனைவி சின்னத்தாய் கேட்டுப் பார்த்தாள். அந்த மகாராசன் காதில் போட்டுக்கொண்டால்தானே!

அன்று காலை புது விமானி வந்திருந்தான். மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. திடலின் ஓரத்தில் இன்னொரு விமானம் நின்றது. காட்டில் குண்டடிபட்டுக் கிடந்த ஒரு சிப்பாயை ஏற்றிவர வேண்டிய விமானம் அது. புதியவன் நேராக அதை நோக்கி உருட்டிக்கொண்டு வந்தான். உடையப்பன் பதறிப்போய் விமானத்தின் விலாவில் ஓங்கி ஒரு தட்டு தட்டினான்.

வெள்ளைக்காரர்கள் வழக்கத்தில் அப்படித் தட்டினால், எல்லாம் சரி, கிளம்பு என்று அர்த்தமாம். அவன் விசையைக் கூட்டினான். முன்னால் சுழன்ற காற்றாடி அடுத்த விமானத்தின் வாலைக் கொத்துக்கறி போட்டது. இரண்டும் உதவாமல் போயின. காட்டில் கிடந்த சிப்பாய் மாலைக்குள் செத்துப்போனான்.

தோட்டத்து ஆபீசில் போலீஸ் அதிகாரி கேட்டதை, அங்கே கணக்கு எழுதும் கிராணி சிவானந்தம் தமிழில் சொன்னார். "நீயா தட்டினாய்?"

"ஆமாங்க தொரை, நாந்தான். நாந்தட்டாம வேற யாரு தட்டுவா?" என்றான் உடையப்பன், பெருமையாக.

வாசலில் நின்ற சின்னத்தாய் ஓரடி உள்ளே வந்தாள். கிராணி, நிறுத்தச் சொல்லித்தான் தட்டினான் என்று தாமாகவே இங்கிலீஷில் சேர்த்துச் சொன்னார். புது விமானி மறுத்தான். போகச் சொல்லித்தான் தட்டினான் என்றான். அவனும் பொய் சொல்லவில்லை, அதுதான் கொடுமை.

"நாராயணசாமி உனக்கு என்ன வேண்டும்?" என்பது அதிகாரியின் அடுத்த கேள்வி.

"பங்காளிங்க. பக்கத்து வீடு."

அதிகாரி காகிதத்தில் ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, ஜீப்பைக் கொண்டுவரச் சொன்னார்.

"தொரைக்கு வெளங்கிருச்சு புள்ள. சோத்த மூடி வையி, வந்துர்றேன்" என்று சொல்லிவிட்டு உடையப்பன் ஜீப்பில் ஏறினான். முகத்தில் சிரிப்புக்கூட இருந்தது.

ஜீப் மறைந்ததும் சின்னத்தாய் லயத்துப் பக்கம் நடந்தாள். கிராணி பின்னாலேயே வந்தார். அவள் முகத்தைப் பார்க்க அவருக்குத் தெம்பில்லை.

"சோறு வேண்டாம், சின்னத்தாய். அவன் துணிமணியைக் கட்டி வை. காலையில் போலீஸார் வந்து வாங்கிப் போவார்கள்."

"ஒரு மாத்துத் துணி போதுங்களா ஐயா?"

"இருக்கிறதெல்லாம் கட்டு."