கிழக்கே நீண்ட பேஸ்மென்ற்

பங்குச்சந்தை விழுந்த முதல் திங்கட்கிழமை, ஸ்காபரோவின் கிழக்கோரம் ரூஜில் இருக்கும் நிசாந்தினியின் வீட்டுக்கு அடியிலுள்ள பேஸ்மென்ற் கிழக்குப் பக்கமாக ஓர் அறையளவு நீண்டது. சுவர் இடியவில்லை, சத்தமும் இல்லை. உடுப்புத் தோய்க்கும் மெஷினுக்குப் பின்னால் ஒரு வாசல். அதற்கப்பால் உப்புச் சுவர்களோடு வெள்ளை வெளேரென்று ஓர் அறை. கணவன் நிரூபன் அதைச் சுற்றிப் பார்த்துவிட்டு, ஸ்காபரோத் தமிழர் எவரும் செய்வதையே செய்தான். வாடகைக்கு விடப்படும் என்று தமிழ்ப் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தான்.

பேஸ்மென்ற் நீண்ட காரணம் நிசாந்தினிக்குத் தெரியும். சனமெல்லாம் கிழக்கே விட்பி நகரில் இன்னும் கட்டாத வீடுகளுக்கு முற்பணம் கட்டிக்கொண்டிருந்த காலத்தில், அவள் தன் சேமிப்பை பனி உருக வீதிக்குப் போடும் உப்பைத் தோண்டி விற்கும் ஒரு சின்னக் கொம்பனியின் பங்குகளில் போட்டிருந்தாள். அதற்குக் கடன் கிடையாது. நிலத்துக்குக் கீழே கிடக்கும் உப்பின் பெறுமதியில் பாதிக்குத்தான் சந்தை விலை பேசியது. பனி கொட்டுகிற நாட்டில் உப்பு வேண்டாம் என்று எந்தப் பைத்தியம் சொல்லும்? சந்தை சொல்லிற்று. விலை விழ விழ, பேஸ்மென்றும் நீண்டுகொண்டே போனது.

“உந்தக் குப்பையை வித்துப்போடும். விட்பியிலை வாகீசன் அண்ணை வீட்டுக்குப் பக்கத்திலை ஒரு வீடு வாங்குவம்,” என்றான் நிரூபன்.

“விலைதான் விழுந்தது, உப்பு அப்பிடியே கிடக்கு. விக்க மாட்டன்.”

“அப்ப உப்போடையே குடும்பம் நடத்தும்,” என்று பெட்டியைக் கட்டிக்கொண்டு அவன் விட்பியில் தமையன் வாகீசன் வீட்டுக்குப் போய்விட்டான். வீம்புக்காரி என்றார்கள் சொந்தக்காரர்கள். அவள் அழுதாள். அவனில்லாத வீடு அவளுக்கு வலிக்கத்தான் செய்தது. அதற்காகத் தன் புத்தியைப் பாதி விலைக்கு விற்க மனம் வரவில்லை. முகத்தைக் கழுவிக்கொண்டு, சம்பளத்தில் மிஞ்சியதற்கும் அதே பங்கையே வாங்கினாள்.

இரண்டு பனிமாரி கழிந்தது. பேஸ்மென்ற் ரூஜ் ஆற்றையும் பிக்கரிங், ஏஜக்ஸ் ஊர்களையும் கீழால் கடந்தது. நகரசபை அதிகாரி ஒருவர் வந்து அரைநாள் நடந்து பார்த்துவிட்டு, கூரையின் உயரம் சரி என்று எழுதிவிட்டுப் போனார். தை மாதம் ஒரு காலை, விட்பியில் வாகீசனின் குசினித் தரையைக் கீழிருந்து யாரோ தட்டினார்கள். தரைக் கல்லைத் தூக்கிக்கொண்டு நிசாந்தினி தலையை நீட்டினாள்; தலைமயிரெல்லாம் உப்பு.

“இஞ்சாருங்கோ, வீட்டை வாங்கோ. கீழாலை வந்தால் ட்ராஃபிக்கும் இல்லை.”

நிரூபன் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தான். “வித்துப்போட்டீரோ?”

“இல்லை.”

“விலை?”

“இன்னும் விழுந்திட்டுது.”

அவன் குனிந்து கீழே தெரிந்த சுவரை விரலால் சுரண்டி நாக்கில் வைத்துப் பார்த்தான். உப்புத்தான். கண்ணுக்கெட்டிய தூரம்வரை உப்பு. வாகீசன் தலையில் கைவைத்தபடி நிற்க, நிரூபன் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு இறங்கினான். “அப்ப இன்னும் கொஞ்சம் வாங்குவமே?”

வாங்கினார்கள். விலை இன்னும் விழுந்தது, பின்னேரத்துக்குள் பேஸ்மென்ற் விட்பியைத் தாண்டி ஒஷாவாப் பக்கம் போய்விட்டது. கிழக்கே குடியேறிய சனம் இப்போது அதற்குள்ளால்தான் வேலைக்குப் போய்வருகிறது. பங்கின் விலை இன்றுவரை ஏறவில்லை, அவர்கள் விற்கவுமில்லை.