உருளைக்கிழங்கு வைக்க மறந்த கெசடியா

ஐந்து மணிக்கு, மாடி அறையில் வாடகைக்கு இருக்கும் எவரிஸ்தோ வந்து பதில் கேட்பான். ஆறு மணிக்கு அவனுடைய பேருந்து. ஓட்டீலியா கல்யாணத்துக்குச் சம்மதித்தால் இங்கேயே இருந்துவிடுவான். இல்லையென்றால் மெரிதாவில் புது வேலை, அதோடு சரி.

வேண்டாம் என்று சொல்லத்தான் அவள் முடிவு செய்திருந்தாள். ஆனாலும் வெறும் வயிற்றோடு அனுப்ப மனம் வரவில்லை. வெந்த கிழங்கோடு பச்சைமிளகாயும் வெங்காயமும் சேர்த்து, மழையைப் பார்த்தபடியே மசித்துக்கொண்டிருந்தாள்.

"போதும்டீ. அந்தக் கிழங்கு உனக்கு என்ன பாவம் பண்ணுச்சு?" என்றாள் அக்கா சோனா.

பன்னிரண்டு வயதில் ஓட்டீலியா முதல் சோள ரொட்டியைக் கல்லில் போட்டபோது அத்தைகள் சுற்றி நின்றார்கள். ரொட்டி உப்பினால் பெண் கல்யாணத்துக்குத் தயார் என்பது ஊர்ப் பேச்சு. அவளுடையது தட்டையாகவே கிடந்தது. முப்பத்தொரு வருஷமாக ஒன்றுகூட உப்பியதில்லை. எல்லாரும் விளையாட்டுக்குத்தான் சொன்னார்கள். பாழாய்ப்போன மனசு நம்பிவிட்டது. அதனால்தான் இன்று கெசடியா. ரொட்டிக்குள் கிழங்கை வைத்து மடித்துவிட்டால் உப்புகிற பேச்சே எழாது.

போன மாதம் இதே போல ஒரு மழை. மொட்டைமாடித் துணிகளை ஆளுக்குப் பாதியாக அள்ளிக்கொண்டு அவளும் எவரிஸ்தோவும் ஓடிவந்தார்கள். படியில் நின்று அவன் அவளுடைய தலையணை உறையில் முகம் துடைத்தான். அவ்வளவுதான் நடந்தது. அந்த உறையை அவள் இன்னும் துவைக்கவில்லை.

கைகள் தம் பாட்டுக்கு மாவை அழுத்தின, கல்லில் போட்டன, திருப்பின.

"ஏய்! கிழங்கு வைக்கலடீ!" என்று கத்திய சோனா அப்படியே வாயைப் பொத்திக்கொண்டாள்.

கல்லின் நடுவில் வெறும் ரொட்டி, குழந்தையின் கன்னம் போல, மெல்ல மெல்ல உப்பிக்கொண்டிருந்தது. ஓட்டீலியாவுக்கு அழுகை வந்துவிட்டது.

எவரிஸ்தோ நனைந்த தொப்பியோடும் தோளில் பையோடும் வந்தபோது அது அமுங்கிப்போயிருந்தது. அதையே தட்டில் வைத்து நீட்டினாள். அவன் பிய்த்துப் பார்த்தான்.

"உள்ள ஒண்ணுமே இல்லையே?"

"மறந்துட்டேன்," என்றாள். பிறகு, தரையைப் பார்த்தபடி, "அது உப்புச்சு."

அவன் மெல்லுவதை நிறுத்தினான். "யாரு பாத்தா?"

"நான் பாத்தேன்ப்பா, ரெண்டு கண்ணால!" என்றாள் சோனா.

அவன் பையைத் தோளிலிருந்து இறக்கி, சுவரோரமாக வைத்தான்.

"அப்ப கிழங்கு வச்சது ஒண்ணு போடு, ஓட்டீலியா. பசிக்குது."