குடிகார அப்பா வேடம்

துறைமுக நகரான கிள்ளானில் லோரி ஓட்டிய அய்யாவு வாழ்நாளில் ஒரு சொட்டு மதுவைத் தொட்டதில்லை. ஆனால் எண்பதுகளின் நடுப்பகுதிக்குள் நான்கு தொலைக்காட்சி நாடகங்களில் குடிகார அப்பாவாக நடித்துவிட்டார். அவற்றை எழுதித் தயாரித்த வாசுவுக்குத் தமிழ்க் குடும்பம் என்றால் அப்பா குடிக்க வேண்டும், அம்மா அழ வேண்டும், கடைசிக் காட்சியில் கோயிலில் எல்லாரும் திருந்த வேண்டும். அதற்கு மேல் அவர் கற்பனை நகராது.

அய்யாவுவின் மகள் தனலெட்சுமியைப் பெண் பார்க்க ரவாங்கிலிருந்து மாப்பிள்ளையின் அப்பா ரெங்கசாமி குடும்பத்தோடு வந்தார். உட்கார்ந்ததுமே அவர் கண் அலமாரிப் பக்கம் போய் எதையோ தேடியது.

“உங்கள டிவியில பாத்திருக்கோம். நல்லாத்தான் தள்ளாடுறீங்க.”

“அது நடிப்புங்க. நான் குடிக்கிறதே இல்ல.”

“பழக்கம் இல்லாம அப்படி வராதுலா,” என்று ரெங்கசாமி சிரித்தார். “அந்த நாடகமெல்லாம் அப்படியே நம்ம ஜனங்க வாழ்க்கை. பாத்துத் திருந்தணும்.”

காப்பி கொண்டுவந்த தனலெட்சுமி தட்டை மேசைமேல் வைத்தாள்.

“யாரு வாழ்க்கை அங்கிள்? எங்கப்பா விடியறதுக்கு முன்ன எந்திரிச்சு துறைமுகத்துக்கு லோரி எடுக்கிறாரு. அத எந்த நாடகத்துல காட்டினாங்க? ஒரே கதையப் பேரு மாத்தி மாத்தி எடுக்கிறவருக்குத்தான் மூளை இல்ல. பாக்கிறவங்களுக்குமா?”

ரெங்கசாமி எழுந்துவிட்டார். அவர் பின்னால் மற்றவர்களும் எழுந்தார்கள். காப்பியை யாரும் தொடவில்லை. கார் கிளம்பிய சத்தம் கேட்டதும் அய்யாவுவின் மனைவி நல்லம்மாள் சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

“ஐயோ, நீயும் நாடகத்துல வர்ற மாதிரியே அழாதம்மா,” என்றாள் மகள் எரிச்சலோடு.

அய்யாவு மகளைத் திட்டவில்லை. மறுநாள் பிரிக்பீல்ட்ஸில் இருந்த வாசுவின் அலுவலகத்துக்குப் போனார். புதுக் கதையிலும் அவருக்குக் குடிகார வேடம் தயாராக இருந்தது.

“குடிக்காத அப்பா ஒருத்தர எழுதுங்களேன் தம்பி.”

“அதுல என்னண்ணே கதை இருக்கு? பிரச்சனை வேணும்லா.”

அய்யாவு வீட்டில் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். வாசு பேனாவை உதட்டில் தட்டிக்கொண்டே கேட்டார். முகம் மலர்ந்தது.

“சூப்பரா இருக்குண்ணே! அந்த மாப்பிள்ளையோட அப்பாவக் குடிகாரரா ஆக்கிடலாம். நீங்களே செஞ்சிடுங்க.”

அய்யாவு அவரை உற்றுப் பார்த்தார். ரெங்கசாமியைப் பார்த்தபோதுகூட மனதில் இவ்வளவு இளக்காரம் வந்ததில்லை.

“வேற ஆளப் பாத்துக்குங்க,” என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

அந்த நாடகம் ஒளிபரப்பான மாலையில், பார்க்கவே மாட்டேன் என்று வாசலில் லோரியைக் கழுவிக்கொண்டிருந்தார். உள்ளே தனலெட்சுமி வசனத்துக்கு வசனம் நக்கலடிப்பது கேட்டது. நல்லம்மாளும் சேர்ந்து சிரித்தாள். அய்யாவு பொறுத்துப் பார்த்தார். முடியவில்லை. தண்ணீர்க் குழாயை மூடிவிட்டு ஜன்னலருகே வந்தார்.

“புது ஆளு எப்படிச் செய்யிறான்?”

“மகா மோசம்பா. பல்லு வலிக்கிறவன் மாதிரி இருக்கான்.”

“அப்படியா?” என்றார். முகத்தில் பொங்கிய சந்தோஷத்தை யாரும் பார்ப்பதற்குள் திரும்பிப் போய் டயரைத் தேய்க்க ஆரம்பித்தார்.