நல்ல உதாரணம்

எட்டாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் எடுக்கும் டீச்சருக்குப் பிள்ளைகளிடம் நல்ல பேர். கத்தமாட்டாள், கை ஓங்கமாட்டாள். புத்தகத்தை மூடிவைத்துவிட்டுப் பாடம் நடத்தத் தெரிந்தவள் என்று மற்ற டீச்சர்களே சொல்வார்கள், கொஞ்சம் வயிற்றெரிச்சலோடு. அதனால்தான், ஒரு கூட்டத்து மனிதர்களையெல்லாம் ஒரே அச்சில் வார்த்துப் பேசுவது எவ்வளவு தப்பு என்று சொல்லும் பாடம் வந்தபோது, அதைச் சும்மா வாசிக்க வைத்துத் தள்ளிவிட அவளுக்கு மனசு வரவில்லை.

கரும்பலகையில் 'அக்கரைக்காரர்கள்' என்று பெரிதாக எழுதினாள். ஆற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்து தாத்தா காலத்தில் பிழைக்க வந்தவர்களுக்கு ஊர் வைத்த பேர் அது. அவர்களுக்கென்று தனிப் பேச்சு உண்டு. எங்கே எது காணாமல் போனாலும் முதலில் அடிபடுவது அவர்கள் பேர்தான்.

"இவங்களப் பத்தி நீங்க கேள்விப்பட்டத எல்லாம் சொல்லுங்க. தப்பா இருந்தாலும் பரவால்ல. திட்டமாட்டேன்."

பின் வரிசையிலிருந்து ஒருவன், "திருடுவாங்க டீச்சர்" என்றான். அவள் அதை அப்படியே எழுதினாள். டீச்சரே எழுதிவிட்டாள் என்றதும் மடை திறந்தாற்போல ஆகிவிட்டது. குளிக்கமாட்டாங்க. குடிச்சிட்டு அடிச்சுக்குவாங்க. நல்லாப் பாடுவாங்க. பிள்ளைகளை விற்றுவிடுவார்கள் என்று ஒருத்தி சொன்னபோது, அதுவரை அதைக் கேள்விப்பட்டிராதவர்கள்கூட "நெஜமாவா?" என்று கண்ணை விரித்தார்கள். வகுப்பு முழுக்கச் சிரிப்பும் கூச்சலும். பலகையில் இடமில்லாமல் போயிற்று.

டீச்சர் கையிலிருந்த சாக்பீஸ் தூளைத் தட்டினாள். இனிமேல்தான் பாடமே. இதையெல்லாம் ஒரே அடியில் உடைத்துப் போட அவளிடம் ஒரு துருப்புச் சீட்டு இருந்தது.

அந்தத் துருப்புச் சீட்டு முதல் பெஞ்சில் உட்கார்ந்து பென்சில் சீவிக்கொண்டிருந்தது. சின்ன உருவம், துறுதுறுவென்ற கண். வகுப்பே குருவி என்றுதான் கூப்பிடும். கணக்கில் முதல், கட்டுரையில் முதல். யாருக்கு உடம்பு சரியில்லை என்றாலும் வீட்டுப்பாடம் எழுதித் தருபவள் அவள்தான். போன மாதம் பஸ் நிறுத்தத்தில் அவளும் அவள் அம்மாவும் அக்கரைப் பேச்சில் பேசிக்கொண்டிருந்ததை டீச்சர் காதால் கேட்டிருந்தாள். டீச்சரைப் பார்த்ததும் இரண்டு பேரும் சட்டென்று வாயை மூடிக்கொண்டார்கள். ஏன் மூடினார்கள் என்று அவள் யோசிக்கவில்லை. பாவம், கூச்சம் போல, அந்தக் கூச்சத்தைப் போக்க வேண்டும் என்று மட்டும் நினைத்தாள்.

"சரி, போதும். இப்ப நான் ஒண்ணு சொல்றேன். உங்க கூடவே ஒருத்தி இருக்கா. உங்க எல்லாருக்கும் பிடிச்சவ. இங்க எழுதியிருக்கிறதுல ஒண்ணாவது அவளுக்குப் பொருந்துதான்னு நீங்களே சொல்லுங்க. குருவி, எழுந்திரும்மா."

குருவி எழுந்தாள். பென்சிலை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"பெருமையா சொல்லுடா செல்லம். எதுக்குப் பயம்?"

"இல்ல டீச்சர். நான் அது இல்ல."

குரல் அடியோடு தாழ்ந்திருந்தது. டீச்சர் ஆதரவாகச் சிரித்துக்கொண்டே, பஸ் நிறுத்தத்தில் கேட்டதை எடுத்துச் சொன்னாள். குருவியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நெட்டை, ஒன்றாம் வகுப்பிலிருந்தே அவளோடு ஒட்டிக்கொண்டு திரிபவள், தன் பையைக் குருவியின் பக்கமிருந்து பெஞ்சின் அந்த ஓரத்துக்கு நகர்த்தி வைத்தாள். மெதுவாகத்தான் நகர்த்தினாள்.

"அதான் என்னைய உன் வீட்டுக்குக் கூப்பிட்டதே இல்லையா?"

அதற்குள் மணி அடித்துவிட்டது.

மறுநாள் குருவி வந்தாள். பெஞ்சில் அவளைச் சுற்றி இடம் விட்டு உட்கார்ந்தார்கள். யாருடைய பேனாவோ காணாமல் போய், அவள் பையைக் கொட்டிப் பார்த்தார்கள். பேனா எங்கோ ஜன்னலோரம் கிடந்தது. விஷயம் தெரிந்து டீச்சர் வந்து வகுப்பை வாங்கு வாங்கென்று வாங்கினாள். அது இன்னும் மோசமாகப் போயிற்று. டீச்சர் திட்டுக்குப் பயந்து பிள்ளைகள் நல்லவர்களாக நடந்துகொள்ள முயன்றார்கள். இடைவேளையில் குருவியைச் சுற்றி நின்றுகொண்டு, "நீங்கல்லாம் நல்லாப் பாடுவீங்களாமே, ஒரு பாட்டுப் பாடேன்" என்று கெஞ்சினார்கள். எல்லாரும் நிஜமாகவே ஆசையாகத்தான் கேட்டார்கள். குருவிக்குப் பாட வராது. அதற்கு மறுநாளிலிருந்து அவள் பள்ளிக்கூடத்துக்கு வரவில்லை.

டீச்சருக்கு இருப்புக் கொள்ளவில்லை. குருவியின் அம்மா ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக் கூடத்தில் வேலை செய்கிறாள் என்று தெரிந்தது. நேரே அங்கே போய் நின்றாள். ஆவி முட்டிக்கொண்டிருந்த கூடத்தில் பெண்கள் வெள்ளை விரிப்புகளை இரண்டிரண்டு பேராகப் பிடித்து உதறி மடித்துக்கொண்டிருந்தார்கள். அவளைக் கண்டதும் குருவியின் அம்மா விரிப்பை எதிரே பிடித்து நின்றவளிடமே விட்டுவிட்டு ஓடிவந்தாள்.

"இங்க ஒண்ணும் பேசாதீங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போவும்."

பின்பக்கம் அழுக்குத் துணி குவிக்கும் இடத்துக்குக் கூட்டிப் போனாள். டீச்சர் மன்னிப்புக் கேட்டாள். கேட்டதோடு நிற்காமல், எதற்காக அப்படிச் செய்தாள், எவ்வளவு நல்ல எண்ணம் என்று விளக்கவும் தொடங்கினாள். அந்த அம்மா கையை உயர்த்தினாள்.

"உங்க மனசு நல்ல மனசுதான் டீச்சர். அத வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது? பேச ஆரம்பிச்சதுலேர்ந்து அவள இந்த ஊர்க்காரங்க மாதிரி பேச வச்சிருக்கேன். கண்ணாடி முன்னாடி நிக்க வச்சு, நாக்கு எங்க மடங்கணும்னு சொல்லிக் குடுத்திருக்கேன். வீட்டுக்கார அய்யா பையன் உங்க வகுப்புலதான் படிக்கிறான். அன்னிக்குச் சாயந்திரமே வந்து வீட்டக் காலி பண்ணச் சொல்லிட்டாரு."

"நான் போய் அவர்கிட்டப் பேசறேன்."

"என்னன்னு பேசுவீங்க? நாங்க நல்லவங்கன்னா?" அவள் குரல் உயரவில்லை. "நாங்க யாருன்னு சொல்றதுக்கு நீங்க யாரு டீச்சர்?"

வேறு எதுவும் தோன்றாமல் டீச்சர், "வேற வீடு கிடைக்கிற வரைக்கும் எங்க வீட்டு மாடி ரூம்ல இருங்க" என்றாள்.

அந்த அம்மா முதல் தடவையாக அவளை நேருக்கு நேர் பார்த்தாள். "உங்க வீட்ல கேட்டுட்டீங்களா?"

வீட்டில் கேட்டாள். அவள் புருஷன் தங்கமான மனிதர்தான். சாப்பாட்டுத் தட்டைக் கழுவி வைத்துவிட்டு, ஈரக்கையைத் துடைத்தபடி சொன்னார்: "இரக்கப்படு, வேணாங்கல. நாம ரெண்டு பேரும் பகல்ல வேலைக்குப் போயிடறோம். வீடு தொறந்து கெடக்கும். அத யோசிச்சியா?"

பலகையில் எழுதி வைத்த அத்தனையையும் உடைக்க வந்தவளுக்கு அவர் மீது கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. யோசித்திருந்தாள், அதுதான் உண்மை. பஸ்ஸில் வரும்போதே மாடி ரூமுக்குத் தனிப் பூட்டு போடலாம், பீரோ சாவியை இனிக் கையிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று ஓடிய நினைப்பை அவள் பாதியில் பிடித்து நிறுத்தியிருந்தாள். பிடித்து நிறுத்தினாலும், அது எங்கிருந்து கிளம்பியது என்று அவளுக்குத் தெரியும்.

ஒரு வழியாகப் புருஷனைச் சம்மதிக்க வைக்க அந்த வாரம் முழுக்க ஆகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை குருவியின் வீட்டைத் தேடிப் போனபோது கதவு திறந்து கிடந்தது. உள்ளே ஒரு ஆள் சுவருக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தான். வீட்டுக்காரர் வாசலில் நின்றார். டீச்சர் என்றதும் மரியாதையாகக் கைகூப்பினார்.

"நல்ல ஜனங்கதான் டீச்சர். வாடக கரெக்டா குடுப்பாங்க. சத்தம் போட்டு ஒரு வார்த்த பேசினதில்ல. ஆனாப் பாருங்க, மறைச்சிட்டாங்க. அதுதான் எனக்கு மனசுக்குக் கஷ்டமாப் போச்சு."

எங்கே போனார்கள் என்று அவருக்குத் தெரியவில்லை. சலவைக் கூடத்திலும், வேலையை விட்டு நின்றுவிட்டாள் என்பதற்கு மேல் யாருக்கும் தெரியவில்லை. பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியை, "வருஷா வருஷம் நாலு பிள்ளைங்க நின்னு போறதுதானே, மனசப் போட்டுக் குழப்பிக்காதீங்க" என்று டீ வரவழைத்துக் கொடுத்தாள். நெட்டை மட்டும் ஒருநாள் தனியாக வந்து, "குருவி எப்ப டீச்சர் வருவா?" என்று கேட்டாள்.

தேர்வு வந்தது. அந்தப் பாடத்திலிருந்து கேள்வியும் வந்தது. ஒரு பிள்ளை விடாமல் எல்லாரும் நன்றாக எழுதியிருந்தார்கள். மனிதர்களை ஒரே அச்சில் வார்ப்பது தவறு, எல்லாப் பண்பாடும் சமம். எடுத்துக்காட்டு கேட்ட இடத்தில் பாதிப் பேர் குருவியை எழுதியிருந்தார்கள். 'எங்கள் வகுப்பில் ஒரு அக்கரைப் பெண் இருந்தாள். ஆனாலும் அவள் நல்லவள்.' டீச்சர் அந்த 'ஆனாலும்' என்ற சொல்லின் மேல் சிவப்புப் பேனாவை வைத்தாள். என்ன எழுதுவதென்று தெரியாமல் எடுத்தாள். முழு மதிப்பெண் போட்டாள்.

விடைத்தாள்களைக் கட்டி வைத்த அன்று மாலை, பள்ளிப் பதிவேட்டில் இருந்த, எத்தனை தடவை கூப்பிட்டும் ஸ்விட்ச் ஆஃப் என்றே வந்த குருவி அம்மாவின் எண்ணை மறுபடி அழுத்திப் பார்த்தாள். மணி போயிற்று. எடுத்தது குருவிதான்.

"ஹலோ?"

"குருவி... நான் டீச்சர் பேசறேன்டா. எங்க இருக்கீங்க? ஸ்கூல்ல சேத்தாச்சா?"

அந்தப் பக்கம் பஸ் ஒன்று உறுமிக்கொண்டு போகும் சத்தம் கேட்டது. பிறகு குருவி ஒவ்வொரு எழுத்தும் திருத்தமாக, மருந்துக்குக்கூட அக்கரை வாசனை இல்லாமல் சொன்னாள்:

"நீங்க யாரக் கேக்கறீங்கன்னு தெரியலங்க. அப்படி இங்க யாரும் இல்லீங்க."

தொடர்பு அறுந்தது. திரும்பக் கூப்பிட டீச்சருக்குக் கை வரவில்லை.