யாராவது போய்ப் பாருங்க

"கையை என் தோள்ல போடுங்க. போடுங்கன்னா!" என்று அதட்டிக்கொண்டே அவள் கணவரை ஜன்னல் பக்கமாகத் திருப்பிப் படுக்க வைத்தாள். ஒரு கையாலேயே திருப்பிவிடும் அளவுக்குத்தான் ஆள் மிச்சம் இருந்தார். முதுகுக்குப் பின்னால் தலையணையைத் திணித்து, வாயோரம் வழிந்ததைப் புடவைத் தலைப்பால் துடைத்தாள். காலையில் வந்த டாக்டர் ஊசி எதுவும் போடாமலே பையை மூடிக்கொண்டு, "சொல்ல வேண்டியவங்களுக்குச் சொல்லிடுங்கம்மா" என்று கிளம்பிவிட்டார். சொல்ல வேண்டியவன் ஒருத்தன்தான். அவனும் வந்து, கையில் ஒரு பழப்பையோடு வெளி அறையில் நின்றுகொண்டிருந்தான்.

"மழை விட்டுடுச்சா?" என்றார் அவர்.

"விட்டாச்சு. புள்ள வந்திருக்கான்."

"விட்டுதுன்னா வேலியோரம் தும்பை தலைகாட்டியிருக்கும்."

அவளுக்குச் சுருக்கென்றது. சாகக் கிடக்கிற மனிதரிடம் கோபப்படக் கூடாது என்று காலையிலிருந்து தனக்குத் தானே புத்தி சொல்லிக்கொண்டிருந்தாள். ஆனால் மனிதர் விட்டால்தானே!

பஸ் டிப்போவில் டைம்கீப்பராக இருந்தவர். எந்த வண்டி எத்தனை மணிக்கு உள்ளே வந்தது, எத்தனை மணிக்குக் கிளம்பியது என்று காலமெல்லாம் பார்த்துப் பார்த்து, வீட்டுக்கு வந்தும் அந்தப் புத்தி போகவில்லை. கொல்லையில் எந்தச் செடி எப்போது வருகிறது என்று பார்க்க ஆரம்பித்தார். முதல் மழைக்குத் தும்பை. மழை ஓய்ந்தால் வேலியெல்லாம் முடக்கத்தான். பனி விழுந்தால் மூக்குத்திப்பூண்டு, வெயில் ஏறினால் நெருஞ்சி. வரவேண்டிய நேரத்தில் ஒன்று வராவிட்டால் முகம் வாடிப்போகும். "இந்த வருஷம் கோவைக் கொடி லேட்டு" என்பார், காப்பியை வாங்கிக்கொண்டே. காது புளித்துப் போகும் அவளுக்கு.

ஒரு செடியையும் பிடுங்க விடமாட்டார். "பூக்கட்டும், என்னன்னு பாத்துட்டுப் பிடுங்கலாம்" என்பார். பூத்தால், காய்க்கட்டும் என்பார். காய்த்தால், விதை விழட்டும். துணி காயப்போடும் கயிற்றுக்குப் போக வழியில்லாமல் அவள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நாயுருவிக்குள் நடப்பாள். ஆசைப்பட்டு ஒரு ரோஜாச் செடி வாங்கி வைத்தாள். எதுவோ ஒரு காட்டுக்கொடி வந்து அதன் கழுத்தைச் சுற்றியது. அறுத்துவிடப் போனவளைக் கையைப் பிடித்து நிறுத்தினார். "ரோஜா கடையில கெடைக்கும்டி. இது தானா வந்திருக்கு பாரு." ரோஜா செத்தது. கொடி ஜோராகப் பூத்தது, கண்ணுக்கே தெரியாத ஒரு பூ.

இதையெல்லாம்கூட அவள் மன்னித்திருப்பாள். பிள்ளை விஷயத்தைத்தான் மன்னிக்க முடியவில்லை.

அவருக்குக் கண்ணில் ஆபரேஷன் ஆகி ஆஸ்பத்திரியில் இருந்தபோது, மகன் கடனோடு கடனாக ஒரு வேன் வாங்கியிருந்தான். நிறுத்த இடமில்லை. கொல்லையில் பாம்பு வேறு ஒருநாள் கண்ணில் பட்டது. அவன் களைக்கொல்லி மருந்து வாங்கிவந்து, வேலி முதல் தண்ணீர்த் தொட்டி வரை ஒரு இலை விடாமல் அடித்துவிட்டான். அவளுக்கும் அப்பாடா என்றுதான் இருந்தது. கட்டுப் பிரித்து, புதுப் பார்வையோடு வீட்டுக்கு வந்தவர் முதலில் கொல்லைக் கதவைத்தான் திறந்தார். கருகிக் கிடந்ததைப் பார்த்தபடி அப்படியே நின்றார். கத்தியிருந்தால் தேவலை. கத்தவில்லை. திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்து அவளிடம் சொன்னார்: "யாருக்கோ வண்டி நிறுத்த இடம் வேணுமாமே. நிறுத்திக்கச் சொல்லு."

அன்றிலிருந்து மகன் 'யாரோ' ஆகிவிட்டான். யாரோ லைட்டை அணைக்காமல் போயிருக்கிறார்கள். யாரோ சத்தமாக டிவி வைக்கிறார்கள். அவனுக்கும் ரோஷத்துக்குக் குறைச்சலில்லை, அப்பன் ரத்தம்தானே. கல்யாணம் ஆனதும் வேனை எடுத்துக்கொண்டு தனியாகப் போய்விட்டான். அடுத்த மழைக்கே கொல்லையில் அத்தனையும் திரும்பி வந்துவிட்டது, முன்னைவிட முரட்டுத்தனமாக. "மருந்து குடிச்ச செடியே மறந்துடுச்சு. உங்களுக்கு என்ன?" என்று அவள் கேட்காத நாளில்லை. அவர் கொல்லைக் கதவைத் திறந்துகொண்டு போய்விடுவார்.

இப்போது கேட்காமல் விட்டால் இனி எப்போது? கட்டிலருகே குனிந்தாள்.

"இந்தாங்க. நல்லாக் கேட்டுக்கோங்க. வெளிய நிக்கிறது உங்க புள்ள. ஒரு வார்த்தை கூப்பிடுங்க. எனக்காக ஒண்ணும் வேணாம். உங்ககிட்ட நான் எதையும் எதிர்பாத்தவ இல்ல. அவனுக்காக ஒரு வார்த்தை. இல்லாட்டி அவன் இதை வாழ்நாள் பூரா சுமந்துக்கிட்டுத் திரிவான். பாவம் உங்களைத்தான் சேரும்."

அவர் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். படுத்த இடத்திலிருந்து வேலியின் மேல் விளிம்பும் வானமும்தான் தெரியும். மூச்சு இழுத்து இழுத்து வந்தது. உதட்டை நனைத்துக்கொண்டு, "யாராவது போய்ப் பாத்துச் சொன்னாத் தேவலை" என்றார். "என்ன பூத்திருக்குன்னு."

அவளுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. ஆனாலும் அந்த 'யாராவது'வை விட்டுவிட மனமில்லை. விறுவிறுவென்று வெளி அறைக்குப் போனாள்.

"டேய், அப்பா உன்னைக் கொல்லைக்குப் போய்ப் பாக்கச் சொல்றார். என்ன பூத்திருக்குன்னு."

"என்னையா சொன்னார்?"

"வேற யாரு இருக்கா இந்த வீட்டுல?"

அவன் பழப்பையை அவள் கையில் கொடுத்தான். பேண்டை மடித்துவிட்டுக்கொண்டு கொல்லைப் பக்கம் இறங்கினான். ஈரப் புல்லுக்குள் கால் வைக்கத் தயங்கியதையும், எந்தச் செடியையும் மிதித்துவிடாமல் இடம் பார்த்துப் பார்த்துக் காலை வைத்ததையும் அவள் கட்டிலருகே திரும்பி வந்து ஜன்னல் வழியாகப் பார்த்தாள். வேன் ஓட்டும் தடித்த ஆள், கொக்குபோல நடந்தான்.

"அம்மா, இங்க ஒரு செடி. இடுப்பு உயரம். மஞ்சப் பூ, அஞ்சு இதழ். இலை வெத்தல மாதிரி, தொட்டா வெல்வெட்டா இருக்கு."

அவள் கணவர் பக்கம் திரும்பினாள். அவர் கண்ணில் ஏதோ அசைந்தது.

"பூ விரிஞ்சிருக்கா, மூடியிருக்கான்னு கேளு."

"பூ விரிஞ்சிருக்கான்னு கேக்கறார்டா!"

"இப்பத்தான் விரியுது போல."

"துத்தி" என்றார் அவர். "சாயங்காலம் ஆகப்போகுதுன்னு அர்த்தம்."

"துத்தியாம்டா!"

"ஓ" என்றான் அவன், பெரிய விஷயம் தெரிந்துகொண்டவனாக. இன்னும் இரண்டடி தள்ளிப் போனான்.

அவள் நடுவில் நின்றுகொண்டு, இந்தப் பக்கத்துச் சொல்லை அந்தப் பக்கமும் அந்தப் பக்கத்துச் சொல்லை இந்தப் பக்கமும் கொண்டுபோய்க் கொடுத்தாள். மகன் 'யாரோ' ஆனதிலிருந்து பார்த்த உத்தியோகம்தான். இருந்தாலும் அவர்கள் இருவரும் பேசிக்கொள்கிறார்கள் என்று ஒரு நிமிஷம் அவளுக்கு நெஞ்சு நிறைந்தது. உள்ளே கூப்பிட்டுவிடலாமா என்று பார்த்தாள். வேண்டாம், கெட்டுவிடும் என்று சும்மா இருந்தாள்.

"தொட்டிப் பக்கத்துல ஒண்ணும்மா. தரையோட தரையா. தண்டு செவப்பு. பூன்னு சொல்ல முடியாது, குட்டி உருண்டையா கொத்துக் கொத்தா இருக்கு."

"தண்டைக் கிள்ளச் சொல்லு" என்றார் அவர். குரல் பாதி காற்றாக வந்தது. "பால் வருதான்னு கேளு."

"தண்டைக் கிள்ளிப் பாருடா. பால் வருதான்னு கேக்கறார்."

அவன் குந்தி உட்கார்ந்து கிள்ளினான்.

"வருதும்மா! வெள்ளையா பால் வருது. என்னவாம் அது?"

அவள் திரும்பினாள். அவர் ஜன்னலைப் பார்த்தபடிதான் இருந்தார். அடுத்த மூச்சுக்காகக் காத்திருந்தாள். மூக்குக்கடியில் விரலை வைத்தாள். மார்பில் கையை வைத்தாள்.

ஆக, பால் வருதா என்றுதான் கடைசி வார்த்தை. அவளுக்கில்லை, அவனுக்கில்லை, தண்டுக்கு! அழுகைக்கு முன்னால் அவளுக்கு ஆத்திரம்தான் வந்தது. போகிற போக்கில் அந்தப் பிள்ளையின் பெயரைச் சொல்லியிருந்தால் என்ன குறைந்திருக்கும்?

"அம்மா, என்ன சொல்றார்?"

அது என்ன செடி என்று அவளுக்குத் தெரியும். காது புளிக்கக் கேட்டதெல்லாம் வீண்போகவில்லை.

"அம்மான் பச்சரிசின்னு சொல்றார்."

"அம்மான் பச்சரிசி" என்று அவன் ஒருமுறை சொல்லிப் பார்த்தான். பிறகு முகத்தைத் தூக்காமலே கேட்டான். "வேற ஏதாவது சொன்னாரா?"

அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். எப்போதும் ஒருவர் சொன்னதைத்தான் கொண்டுபோயிருக்கிறாள். இன்றைக்கு முன் ஒரு சொல் கூட்டியதில்லை, குறைத்ததில்லை.

"சொன்னார். நீ சாப்பிட்டியான்னு கேக்கறார்."

குந்தியிருந்தவனின் முதுகு மட்டும் தெரிந்தது. அவன் புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டான்.

"சாப்பிட்டேன்னு சொல்லும்மா."

அவள் உள்ளே திரும்பி, "சாப்பிட்டானாம்" என்றாள். சொல்லிவிட்டு அவரது இமைகளின் மேல் கையை வைத்து மூடினாள்.

வெளியே அவன் எழுந்து, யாரும் சொல்லாமலே வேலிப் பக்கம் நகர்ந்திருந்தான்.

"அம்மா, இங்க ஒரு கொடி இருக்கு. காய் பலூன் மாதிரி உப்பிக்கிட்டிருக்கு. கேளேன்."

"ம்" என்றாள் அவள், கையை எடுக்காமல். "இலை எப்படி இருக்கு, சொல்லு."