சத்தம் போடாத பிராணி

நாய் வேண்டாம் என்று முடிவு செய்ய அவனுக்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை. பூனைக்கு ஒரு நிமிடம் ஆனது. கிளி என்று மகள் வாயெடுத்ததுமே, "வீட்டுக்குள்ள மைக் செட் கட்டச் சொல்றியா?" என்று கேட்டு அந்தப் பேச்சை மூடிவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். சாப்பிட்ட தட்டுகள் மேஜையிலேயே காய்ந்துகொண்டிருந்தன. ஒரு பக்கம் மனைவி, எதிரில் பத்து வயது மகள், நடுவில் ஞாயிறு தவறாமல் சாப்பாட்டு நேரத்துக்கு வந்து சேர்ந்துவிடும் மச்சினன். வீட்டில் முதல்முதலாக ஒரு பிராணி வளர்ப்பது என்று முடிவாகிவிட்டது. எது என்பதுதான் வழக்கு. மகள் நோட்டில் ஏழெட்டுப் பெயர்கள் எழுதி வைத்திருந்தாள். அவன் ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தான்.

"மீன் வாங்குங்களேன் மாமா. யார் வம்புக்கும் போகாது," என்றான் மச்சினன்.

"தொட்டியில மோட்டார் ஓடும்ல? நாள் பூரா கொர்ர்னு."

"மீனைத் தொடவும் முடியாது மாமா," என்றாள் மகள்.

"அப்ப ஆமை?"

"எதுக்கு?" என்றாள் மனைவி. "அதான் ஒண்ணு ஏற்கெனவே போர்வைக்குள்ள தலையை இழுத்துக்கிட்டுப் படுத்துக் கெடக்கே."

மச்சினனுக்குப் புரையேறியது. மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அந்த வீட்டில் அவள் எப்போதுமே வாயைப் பொத்திக்கொண்டுதான் சிரிப்பாள்.

அவனுக்குப் பாட்டில் தொழிற்சாலையில் இரவு வேலை. வெளிச்சம் போட்ட வெள்ளைப் பலகை ஒன்றின் முன்னால் உட்கார வேண்டும். பாட்டில்கள் வரிசையாக அதைக் கடந்து போகும். கீறல் விழுந்ததைக் கையால் எடுத்துத் தொட்டியில் போட வேண்டும். பத்து மணி நேரம் கண்ணுக்குக் கண்ணாடி, காதுக்குக் கிணுகிணு. காலை ஏழு மணிக்கு வீடு வந்து எட்டு மணிக்குப் படுத்தால் நாலு மணிவரை வீட்டில் ஊசி விழுந்தாலும் அவனுக்குக் கேட்கும். அதனால் ஊசி விழாது. கதவுத் தாழ்ப்பாளில் துணி சுற்றியிருந்தது. நாற்காலிக் கால்களுக்கு ரப்பர் மாட்டியிருந்தது. தப்பித் தவறி ஒரு கரண்டி விழுந்தால் அவன் கலைந்த தலையோடு வந்து அறை வாசலில் நிற்பான். திட்டமாட்டான். நிற்பான், அவ்வளவுதான். அதுக்கு நாலு திட்டு திட்டிவிட்டுப் போனாலே தேவலை என்று மனைவி சொல்வாள்.

பிராணி வேண்டும் என்று முதலில் சொன்னதும் அவள்தான். அவள் பல் மருத்துவமனையில் வரவேற்பு மேஜையில் உட்காருகிறவள். காலை ஒன்பதுக்குப் போனால் ஆறு மணிக்குத்தான் வருவாள். பள்ளி விடுமுறை. "லீவு முழுக்கப் பேச்சுத் துணைக்கு ஆள் இல்லாம புள்ள சுவரைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருக்கா. நீங்க உள்ள இருக்கீங்கன்னுதான் பேரு," என்றாள். அவன் சரி என்றான். மகளுக்கு எது பிடிக்கும், அவளோடு எது ஓடியாடும் என்றெல்லாம் அவன் யோசிக்கவில்லை. எது சத்தம் போடாது என்று மட்டும் யோசித்தான்.

கடைக்காரர் முயலைத் தூக்கிக் காட்டினார். "வாயே தொறக்காது சார். ஆனா ஒண்ணு. காய்ஞ்ச புல்லு இருபத்து நாலு மணி நேரமும் முன்னாடி கெடக்கணும். இதோட வயிறு மில்லு மாதிரி, ஓடிக்கிட்டே இருக்கணும். நின்னா நின்னதுதான். பிரெட், பிஸ்கட் வாசனையே காட்டிராதீங்க."

அவன் அதைக் கேட்டான். காதில் விழவில்லை என்று பின்னால் சொல்லித் தப்பிக்க முடியாத அளவுக்குத் தெளிவாகவே கேட்டான்.

மகள் அதற்கு ஆபீசர் என்று பெயர் வைத்தாள். எதைக் கேட்டாலும் பதில் சொல்லாமல் மூக்கை மட்டும் ஆட்டியதால் அந்தப் பெயர். "ஆபீசர் இப்ப மீட்டிங்ல இருக்கார்." "ஆபீசர் இன்னைக்கு யாரையும் பார்க்க மாட்டார்." மனைவிகூட வேலைக்குக் கிளம்பும்போது கூண்டுப் பக்கம் குனிந்து, "வர்றேன் சார்," என்று சொல்லிவிட்டுப் போக ஆரம்பித்தாள். ஆபீசருக்குச் சாப்பாடு, தண்ணீர், கூண்டு சுத்தம் எல்லாம் மகள் பொறுப்பு என்று மனைவி முதல் நாளே கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள்.

பத்து நாள் நன்றாகத்தான் போயிற்று. பதினொன்றாம் நாள் காலை பத்தரை மணிக்கு அவன் எழுந்து வந்து வாசலில் நின்றான்.

"என்னது அது, கரக் கரக்னு?"

"ஆபீசர் சாப்பிடறார்ப்பா," என்றாள் மகள், மூச்சுவிடும் குரலில்.

கூடத்துக்கும் அவன் அறைக்கும் நடுவில் ஒற்றைச் சுவர்தான். காய்ந்த புல்லை முயல் மெல்லும் சத்தம் பெரிய சத்தமே இல்லை. ஆனால் ஒரு தடவை காதில் ஏறிவிட்டால் இறங்காத ஜாதி.

"பகல்ல புல்லு வேண்டாம். பிரெட் போடு. மெத்துன்னு இருக்கும், சத்தம் வராது."

"கடைக்காரர் பிரெட் கூடாதுன்னாரேப்பா?"

"கடைக்காரங்க அப்படித்தான் நூறு சொல்வாங்க. ஒரு துண்டு பிரெட்ல குடி முழுகிடாது. நான் எழுந்ததும் புல்லு போட்டுக்கலாம்."

அவள் தலையாட்டினாள். கூண்டிலிருந்து புல்லைக் கை கையாக எடுத்து ஒரு பைக்குள் வைத்தாள், அந்தப் பையும் சரசரக்காமல்.

ஒரு துண்டு இரண்டானது, மூன்றானது. அவன் தூக்கம் ஒழுங்குக்கு வந்தது. ஆபீசருக்கும் பிரெட் பிடித்துப்போயிற்று. சாயங்காலம் புல் போட்டால் மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. அடுத்த வாரம் அவன் முகச்சவரம் செய்துகொண்டிருந்தபோது மகள் பின்னால் வந்து நின்றாள்.

"ஆபீசர் சரியா புழுக்கையே போட மாட்டேங்கறார்ப்பா. குட்டி குட்டியா நாலு, அவ்வளவுதான்."

"நல்லதாப் போச்சு. அள்ளுற வேலை மிச்சம்," என்றான் கண்ணாடியைப் பார்த்தபடி.

அந்த வியாழக்கிழமை நாலு மணிக்கு அவன் கதவைத் திறந்தபோது மகள் அறை வாசலிலேயே சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தாள். மடியில் துண்டு, துண்டுக்குள் ஆபீசர். உடம்பைக் குறுக்கி, கண்ணைப் பாதி மூடி, பல்லைக் கடித்துக்கொண்டிருந்தது.

"என்னாச்சு?"

"காலையிலேர்ந்து எதுவும் சாப்பிடலைப்பா. பிரெட்கூட. பத்து மணிக்கெல்லாம் இப்படி ஆயிடுச்சு."

"பத்து மணிக்கா? அப்பவே எழுப்ப வேண்டியதுதானே?"

"நாலு மணிக்கு எழுந்துடுவீங்கல்ல, அதான் இங்கேயே உக்காந்திருந்தேன்."

ஆறு மணி நேரம். கதவுக்கும் அவளுக்கும் இடையில் ஒரு முழ தூரம்கூட இல்லை.

கால்நடை டாக்டரம்மா மேஜைமேல் ஆபீசரைப் படுக்கவைத்து வயிற்றை அழுத்திப் பார்த்தார். "கல்லு மாதிரி இருக்கு. குடல் நின்னுடுச்சு. என்ன கொடுத்தீங்க?"

சுவரில் நாய் இனங்களின் படம் ஒன்று மாட்டியிருந்தது. அவன் அதைப் பார்த்தான்.

"பிரெட்," என்றாள் மகள்.

"முயலுக்குப் பிரெட்டா? யார் கொடுத்தது?"

"நான்தான்."

"புல்லு வைக்கலையா?"

மகள் அவனை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு டாக்டரம்மாவிடம், "மறந்துடுவேன்," என்றாள்.

அவள் எதையும் மறக்கிற பிள்ளை இல்லை. அது அவனுக்குத் தெரியும். வாயைத் திறக்க அதைவிட நல்ல இடம் கிடைத்திருக்காது. ஒரே ஒரு வரி. 'நான்தான் போடச் சொன்னேன்.' நாக்குவரை வந்தது.

"காலையிலேயே கொண்டு வந்திருந்தா ஊசி போட்டுப் பார்த்திருக்கலாம்," என்றார் டாக்டரம்மா அவன் பக்கம் திரும்பி. "சின்னப் புள்ளைகிட்ட விட்டுட்டா போதுமா? பெரியவங்க கவனிக்க வேண்டாமா சார்?"

"ஆமாம் டாக்டர். நான் கவனிச்சிருக்கணும்."

கேட்கிறவருக்கு அது நல்ல அப்பாவின் பேச்சாகத் தெரிந்திருக்கும். டாக்டரம்மாவின் முகம்கூடக் கொஞ்சம் இளகியது. ஊசி போட்டுப் பார்த்தார். இருபது நிமிடத்தில் ஆபீசர் அந்த மேஜையிலேயே செத்துப்போனது. கடைக்காரர் சொன்ன மாதிரியே, கடைசிவரை வாயைத் திறக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மனைவி மகளைப் பிடித்துக்கொண்டாள். "ஒரு வேலை சொன்னேன். ஒரே ஒரு வேலை. அதைக்கூட உன்னால உருப்படியாச் செய்ய முடியலைன்னா என்னதான் செய்வே? பிரெட்டைப் போட்டா வேலை சுலபம்னு போட்டியா? ஒரு உசுருடி அது!" மகள் காலி கூண்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவன் செருப்பைக் கழற்றாமல் நின்றான். கீழே தொழிற்சாலை வேன் ஹாரன் அடித்தது. "வேன் வந்துடுச்சு," என்று யாருக்கோ சொல்வதுபோலச் சொல்லிவிட்டு இறங்கிப் போனான். அந்த ஹாரன் சத்தம் அவனுக்கு அவ்வளவு இதமாக அதற்கு முன்னால் இருந்ததில்லை.

காலையில் சொல்லிவிடலாம் என்று நினைத்தான். காலையில் மனைவி கிளம்பும் அவசரத்தில் இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை சொல்லலாம் என்று வைத்தான். ஞாயிற்றுக்கிழமை அவள் நல்ல மனநிலையில் இருந்தாள், அதைக் கெடுப்பானேன் என்று விட்டான். பிறகு, இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாளே என்ற பயம் வந்தது. அது நாளுக்கு நாள் வளருகிற பயம். மகள் அதைப் பற்றிப் பேசவே இல்லை. அவன் எழுந்து வரும்போது எப்போதும்போல டீ போட்டு வைத்திருப்பாள். அவளே மறந்துவிட்டாள் போலிருக்கிறது என்று சில நாள் தன்னையே ஏமாற்றிக்கொண்டான்.

அப்படியே நாற்பது நாள் ஓடிற்று. பள்ளி திறந்துவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாடிவீட்டு அம்மா வந்தாள். கையில் சாவிக்கொத்து. நாலு நாள் ஊருக்குப் போகிறாள். வீட்டில் பூனை இருக்கிறது. "பாப்பா காலையில ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை வந்து சாப்பாடு வெச்சிட்டுப் போனாப் போதும். அவதான் பூனையைப் படியில பார்த்தாலே விட மாட்டாளே."

மகள் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டாள்.

"இவ கையிலயா?" என்றாள் மனைவி. "வேண்டாம்மா. நீங்க நம்பிக் கொடுத்துட்டுப் போவீங்க, அப்புறம் யார் பதில் சொல்றது?"

சோபாவில் சாய்ந்திருந்த மச்சினன் விடுவானா? "இவளா? இவகிட்ட பொம்மைப் பூனையைக் கொடுத்தாலே ரெண்டு நாள்ல மண்டையைப் போட்டுடும்."

எல்லோரும் சிரித்தார்கள். மகளும் சிரித்தாள். இந்தத் தடவை வாயைப் பொத்திக்கொள்ளவில்லை. மற்றவர்களோடு சேர்ந்து, கொஞ்சம் அதிகமாகவே சிரித்தாள். பிறகு மறுபடி உட்கார்ந்துகொண்டாள். மாடிவீட்டு அம்மா சங்கடமாகச் சிரித்துவிட்டு, "பரவாயில்லை, கீழ எதிர்வீட்டுல கேட்டுப் பார்க்கறேன்," என்று போய்விட்டாள். கதவு சாத்திக்கொண்டது. படியில் செருப்புச் சத்தம் தேய்ந்து ஓய்ந்தது.

"பிரெட் போடச் சொன்னது நான்தான்," என்றான் அவன்.

யாருக்கும் உடனே புரியவில்லை.

"முயலுக்கு. புல்லைக் கொறிக்கிற சத்தத்துல தூக்கம் வரலைன்னு நான்தான் போடச் சொன்னேன். அவ கடைக்காரர் கூடாதுன்னாரேன்னு சொன்னா. நான்தான் ஒண்ணும் ஆகாதுன்னேன்."

மச்சினன் சாய்ந்திருந்தவன் நிமிர்ந்து உட்கார்ந்தான். மனைவி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதை இப்பச் சொல்றீங்களா? அந்தம்மா படியிறங்கிப் போனதுக்கப்புறம்?"

அவன் சாத்திய கதவைப் பார்த்தான்.

அவள் மகளிடம் திரும்பினாள். "நீ ஏன்டி சொல்லலை? நான் அந்தத் திட்டு திட்டினேனே!"

"அப்பா சொல்வார்னு நெனச்சேன்," என்றாள் மகள். புகார் சொல்கிற குரல் இல்லை. "அன்னைக்கு ஆஸ்பத்திரியிலயே சொல்வார்னு நெனச்சேன். அப்புறம் வீட்டுக்கு வந்து சொல்வார்னு நெனச்சேன். அப்புறம் நெனக்கலை."

மனைவி அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். "அம்மா தெரியாமப் பேசிட்டேன்டா," என்றாள். "பரவாயில்லைம்மா," என்றாள் மகள். மச்சினன், "நானும்தான் கழுதை, வாய் சும்மா இருக்காது," என்று தன் வாயிலேயே ஒரு தட்டு தட்டிக்கொண்டான். அவள் அதற்கும் லேசாகச் சிரித்தாள்.

அவன் முறை வந்தது. நாற்பது நாள் படுக்கையில் புரண்டு புரண்டு அவளிடம் சொல்வதற்காகச் சேர்த்து வைத்த சொற்கள் எத்தனையோ இருந்தன. "அப்பா வந்து... நான் செஞ்சது..." என்று ஆரம்பித்தான்.

"சரிப்பா," என்றாள் அவள், அவன் முடிக்கும் முன்பே. யாராவது நேரம் சொன்னால் சொல்கிற சரி. அதில் ஒரு சொட்டுக் கோபம் இருந்திருந்தால்கூட அவன் பிடித்துக்கொண்டு மேலே பேசியிருப்பான்.

"எதிர்வீட்டுல சரின்னு சொல்றதுக்குள்ள ஓடிப்போய்ச் சாவி கேட்கட்டுமா?" என்றாள்.

அம்மாவைப் பார்த்துத்தான் கேட்டாள்.