மெதுவாகப் பாடச் சொன்னவர்கள்

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு நடுநிலை தவறிவிட்டேன் என்று யாரும் வருத்தப்பட வேண்டாம். ஒரு தமிழ் நாளிதழின் ஞாயிறு மலரில் இப்படியொரு தலைப்பு வந்தது: "தமிழ்ப்பள்ளி ஆசிரியையின் பேய்க்குரல்!" ஆச்சரியக்குறி அவர்களுடையது. எழுதியவர் பெயர், நிரஞ்சனி.

முதலில் இப்படித் தொடங்கிப் பார்த்தேன்: பிரிக்ஃபீல்ட்ஸில் மழை தூறிக்கொண்டிருந்த காலையில் நிரஞ்சனி நாளிதழை விரித்து

(அடித்துவிட்டேன். அன்று மழை இல்லை. வெயில் மண்டையைப் பிளந்தது.)

பிறகு இப்படி: நிரஞ்சனி ஒரு சாதாரணப் பெண், அவளுக்கு

(இதுவும் வேண்டாம். சாதாரணப் பெண் என்று நான் யாரையும் பார்த்ததில்லை.)

நேராகவே சொல்கிறேன். நிரஞ்சனி பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு காது மருத்துவரிடம் வேலை பார்க்கிறாள். வருகிறவர்களுக்கு ஹெட்ஃபோன் மாட்டி, சத்தம் கேட்டால் பட்டனை அழுத்தச் சொல்லி, யாருக்கு எவ்வளவு கேட்கிறது என்று அளப்பது அவள் தொழில். வேலை முடிந்ததும் அதே ஹெட்ஃபோனைத் தன் காதில் மாட்டிக்கொண்டு ஹெவி மெட்டல் கேட்பாள். வானொலியில் வருகிற வகை இல்லை. நாலைந்து பேர் வாடகை அறையில் தாங்களே பதிவுசெய்து, தாங்களே கேசட் போட்டு, தெரிந்தவர்களுக்குள் விற்றுக்கொள்கிற நிலத்தடி வகை. மாதம் ஒருமுறை அப்படி வந்த புதுப் பதிவுகளைப் பற்றி ஞாயிறு மலருக்குத் தமிழில் எழுதுவாள். படித்தவர்கள் கொஞ்சம் பேர்தான். அந்த ஞாயிறு வரை.

2

அவள் உண்மையில் எழுதி அனுப்பியது என்ன என்பதை நாளிதழ் சொல்லவில்லை. ஆகவே இந்தக் கதையைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

புதுப் பதிவுகளில் முக்கால்வாசி இரவல் என்பது அவள் கட்சி. "நம் பையன்கள் பனியைப் பாடுகிறார்கள், ஓநாயைப் பாடுகிறார்கள், ஊசியிலைக் காட்டைப் பாடுகிறார்கள். கிள்ளானில் எங்கே ஐயா பனி? நரகத்தைக்கூடவா இறக்குமதி செய்ய வேண்டும்?" என்று கேட்டிருந்தாள். வேகமாக வாசிப்பதும் சத்தமாக வாசிப்பதும் இன்று யாருக்கும் கைவரும், தன் வீட்டு வாசலில் இருக்கிற கொடுமையைக் கண்டுபிடிக்கிறவர்களே தனித்து நிற்கிறார்கள் என்றாள். அந்த மாதம் அப்படி மூன்று. ஸ்ரீ கெம்பாங்கானில் ஓர் ஆள், தான் வேலை பார்க்கிற தகரத் தொழிற்சாலையில் தகடு அடிக்கிற இயந்திரத்தையே டிரம்ஸாக்கியிருந்தான். கம்போங் மேடானில் மூன்று பேர், லிஃப்ட் கெட்டுப்போன அடுக்குமாடியில் சாமான் தூக்கிக்கொண்டு ஏறுகிற மாதிரி, மூச்சுமுட்டும் மெதுவான கதியில் ஒரு நீண்ட பாட்டு போட்டிருந்தார்கள்.

மூன்றாவது, கிள்ளானின் 'துரு' என்கிற இசைக்குழு. பதிவின் பெயர் 'எண் அழைக்கப்படும்'. பாடகி சந்திரகலா.

இந்த வகைப் பாட்டில் உறுமல்தான் குரல், சொற்கள் முதலில் பிடிபடாது. நிரஞ்சனி வழக்கம்போல் சாவையோ சாத்தானையோ எதிர்பார்த்தாள். திரும்பத் திரும்பக் கேட்ட பிறகு சொற்கள் தெளிந்தன. "நாளைக்கு வாங்க. ஃபோட்டோ சரியில்ல. பெரியவர் லீவு. நாளைக்கு வாங்க." பாட்டு முழுக்க அவ்வளவுதான். கேசட்டைப் பற்றி நிரஞ்சனி கேட்டபோது, தன் ஆசிரியை வேலையையும் அம்மாவின் கதையையும் சந்திரகலா ஃபோனில் சொல்லியிருந்தாள். அம்மா இந்த நாட்டில் பிறந்தவர். குடியுரிமை இல்லாதவர்களுக்குத் தருகிற சிவப்பு அடையாள அட்டையைக் குடிமக்களின் நீலமாக மாற்ற வருஷக்கணக்கில் ஒரு கவுண்டர் முன்னால் நின்றவர். சிவப்போடே செத்துப்போனார். நாளைக்கு வாங்க என்று சொன்ன குமாஸ்தா நம் ஆள்தான், தமிழில்தான் சொன்னார்.

நிரஞ்சனி எழுதிய வரிகள் இவை: "பகலில் மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குக் கணிதம் சொல்லித் தருகிற குரல் இது. தொண்டையிலிருந்து வரவில்லை, வேறு யாரோ உள்ளே புகுந்து கத்துவதுபோல் இருக்கிறது. உள்ளே புகுந்திருப்பது அவளுடைய அம்மா."

கடைசி வாக்கியம் அச்சில் வரவில்லை.

3

திங்கட்கிழமையே அவள் ஞாயிறு மலரின் பொறுப்பாசிரியர் கார்த்திகேசுவைத் தேடிப் போனாள். அலுவலகத்துக்குக் கீழே உள்ள கடையில் நுரைக்க ஆற்றிய தே தாரேக் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, நான் எழுதினது எங்கே?"

"உட்காருமா. விளம்பரம் வந்துருச்சு, இடம் பத்தல. கொஞ்சம் வெட்டினோம்."

"தலைப்பு?"

"தலைப்பு எப்பவும் நாங்கதானே போடுவோம். உன் பேரு எல்லா வாட்ஸ்அப் குரூப்லயும் ஓடுது, சந்தோஷப்படு லா."

"அவங்க டீச்சர், அண்ணே. வேலை போயிரும்."

"அதுல பொய் எதாச்சும் இருக்கா, சொல்லு. வேற யாரோ உள்ள புகுந்து கத்துறாங்கன்னு நீதான் எழுதுன. அதுக்குத் தமிழ்ல என்ன பேரு?"

கோபம் தலைக்கேறினால் நிரஞ்சனிக்கு அப்பாவின் யாழ்ப்பாணத் தமிழ் வந்துவிடும். "என்ன கதைக்கிறீங்கள் நீங்கள்? அது ஆரெண்டு அடுத்த வரியில எழுதியிருந்தனான். அதைத்தானே பார்த்து வெட்டினீங்கள்!"

அவர் கண்ணாடிக் கோப்பையைச் சுற்றினார். "அடுத்த வாரம் வாசகர் கடிதத்துல ரெண்டு வரி போட்டுறலாம்."

(கார்த்திகேசுவைக் கொஞ்சம் நல்லவராக எழுதலாமா என்று யோசித்தேன். எல்லாப் பாத்திரத்துக்கும் இரண்டு பக்கம் இருக்க வேண்டும் என்பார்கள். அவருக்குச் சர்க்கரை உண்டு, கல்லூரியில் படிக்கிற மகள் உண்டு, மேலிடத்துத் தொல்லை உண்டு. இருக்கட்டும். அந்த வரியை வெட்டியது சர்க்கரை இல்லை.)

4

சந்திரகலாவை நிரஞ்சனி கிள்ளானில் பார்த்தாள். டயர் கடைக்கு மேலே, முட்டைத் தட்டுகளைச் சுவரில் ஒட்டிய ஓர் அறை. நான் கற்பனை செய்திருந்த சந்திரகலா கறுப்புச் சட்டையும் கண்மையுமாக இருந்தாள். வந்தவள் பள்ளியிலிருந்து நேராக வந்த பருத்திப் புடவைக்காரி, தோளில் திருத்த வேண்டிய பயிற்சிப் புத்தகங்கள்.

"மன்னிச்சுக்குங்க" என்றாள் நிரஞ்சனி. "அவங்க வெட்டி…"

"தெரியும் அக்கா. நீங்க எனக்கு அனுப்புனதை முழுசா படிச்சேன். நல்லா எழுதிருக்கீங்க." அந்தக் குரலில் பாராட்டு இல்லை. "ஆனா டீச்சர்னு எழுதச் சொன்னது யாரு? கேசட்ல என் முகம் இல்ல. வேலை பத்தி ஒரு சொல் இல்ல. ஏன்?"

நிரஞ்சனிக்குப் பதில் தெரியும். அந்த வரி அழகாக இருந்தது, அதனால் எழுதினாள்.

"நான் ஒப்பந்த டீச்சர். இந்த மாசம் புதுப்பிக்கணும். பெற்றோர் சங்கத்துல கூட்டம் போட்டிருக்காங்க. மன்னிப்பு எனக்கு வேணாம். வந்து அவங்ககிட்ட சொல்லுங்க."

5

சனிக்கிழமை காலை, பள்ளி மண்டபம். சங்கத் தலைவர் ராதாகிருஷ்ணன் நடுவில் உட்கார்ந்திருந்தார். லோரி கம்பெனி வைத்திருப்பவர், பள்ளிக்குக் கூரை போட்டுக் கொடுத்தவர். தலைமையாசிரியை ஓரத்தில் கைகட்டி உட்கார்ந்திருந்தார். நிரஞ்சனி வெட்டப்பட்ட வரியைப் படித்துக்காட்டினாள். பிறகு ஃபோனில் பாட்டைப் போட்டாள். முகங்கள் சுருங்கின. ஓர் அம்மா பிள்ளையின் காதைப் பொத்தினார். நிரஞ்சனி பாட்டுக்கு மேலேயே சொற்களை ஒவ்வொன்றாகச் சொன்னாள்.

இந்த இடத்தில், இரண்டாவது வரைவில், ரமணி என்றொரு தாய் எழுந்து, "நானும் அந்த கவுண்டர்ல இப்படித்தான் கத்தணும்னு நெனச்சேன்" என்று அழுதார், மண்டபமே

(இல்லை. யாரும் அழவில்லை.)

சிரித்தார்கள். "ஐயோ, இது கவுண்டர்ல சொல்றதாச்சே!" என்று யாரோ சொல்ல, மண்டபம் கொல்லென்று சிரித்தது. எல்லாரும் அங்கே நின்றவர்கள்தான். நிரஞ்சனிக்கு நெஞ்சு லேசானது. முடிந்துவிட்டது என்று நினைத்தாள்.

ராதாகிருஷ்ணன் சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தார். கெட்ட மனிதர் இல்லை, அதுதான் என் வயிற்றெரிச்சல். "வரியில ஒரு குத்தமும் இல்ல டீச்சர். எங்க சித்தப்பாவும் அப்படித்தான் அலைஞ்சாரு. ஆனா பொம்பளப்புள்ள இப்படியா கத்தறது? ஆண்டு விழா வருது. இதே பாட்டை மெதுவா, இனிமையா, ஆர்மோனியம் வச்சுப் பாடுங்க. எல்லாரும் கேட்கட்டும். உங்க ஒப்பந்தத்துக்கு நானே பேசுறேன்."

கைதட்டினார்கள்.

"அவங்க அம்மா செத்ததை இனிமையா பாடணுமா?" என்று நிரஞ்சனி எழுந்தாள்.

"நீங்க உட்காருங்க. உங்களாலதான் இவ்வளவும்."

சந்திரகலா எழுந்தாள். வகுப்பில் பேசுகிற குரலில் பேசினாள். "எங்கம்மா மெதுவாத்தான் கேட்டாங்க, அங்கிள். கடைசி வரைக்கும் மெதுவாத்தான் கேட்டாங்க."

மேலே மின்விசிறி சுற்றியது. பிறகு அவளே, "சரி, பாடுறேன்" என்றாள்.

6

முடிவுக்கு வந்துவிட்டோம். வரைவைப் படித்த நண்பர்கள் ஆளுக்கொன்று கேட்டார்கள்.

ஒருவர், அவள் இனிமையாகப் பாடி வேலையைக் காப்பாற்றிக்கொள்ளட்டும், வயிற்றுப்பாடு முக்கியம் என்றார். நியாயம். எழுதிப் பார்த்தேன். வெள்ளைப் புடவை, ஆர்மோனியம், நாளைக்கு வாங்க என்பது தாலாட்டு மாதிரி. மறுவாரம் கார்த்திகேசு "நம் ஆசிரியையின் தேன்குரல்!" என்று போடுகிறார். கிழித்துவிட்டேன்.

இன்னொருவர், அவள் உறுமட்டும், மண்டபம் எழுந்து நின்று கைதட்டட்டும் என்றார். இதையும் கிழித்தேன். கைதட்டுவார்கள் என்பதற்கு என்ன உத்தரவாதம்? அவளைத் தனியாக மேடையில் ஏற்றிவிட்டு, நாம் எல்லாம் நல்லவர்கள் என்று நிம்மதியாக வீட்டுக்குப் போகவா?

எனக்குத் தெரிந்ததை மட்டும் சொல்கிறேன், இதை நான் மாற்ற மாட்டேன். ஆண்டு விழா மாலை, பிள்ளைகளின் கோலாட்டம் முடிந்ததும் சந்திரகலா பெயரை அழைத்தார்கள். அவள் ஏறினாள். ஆர்மோனியக்காரரைப் பார்த்து வேண்டாம் என்று கை காட்டினாள். ஒலிவாங்கியைத் தாங்கியிலிருந்து கழற்றி வாயருகே கொண்டுபோனாள். மூச்சை அடிவயிறு வரை இழுத்தாள். உறுமினாள். ஒரு சொல்லும் குறைக்கவில்லை, சத்தத்தில் ஒரு துளியும் குறைக்கவில்லை.

நிரஞ்சனி மேடையைப் பார்க்கவில்லை. திரும்பி மண்டபத்தைப் பார்த்தாள்.

அங்கே ஏழாவது வரிசையில் நீங்கள் இருக்கிறீர்கள். இதுவரை படித்திருக்கிறீர்கள், ஆகவே சொற்கள் உங்களுக்குப் புரிகின்றன, புரியவில்லை என்று சொல்லிவிட முடியாது. முன்வரிசையில் நாற்காலிகள் இழுபடுகின்றன. ராதாகிருஷ்ணன் ஒலிப்பெட்டிக்காரரைத் தேடுகிறார். உங்கள் பக்கத்து இருக்கைக்காரர் எழுந்துவிட்டார், வழிவிடச் சொல்லி உங்கள் முழங்காலைத் தட்டுகிறார்.

காலை மடக்குவீர்களா?